வைரத்தில் புள்ளி இருக்கா?

ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கோலாலம்பூர்க்காரர், வைர மோதிரம் போடப்போகிறாராம். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கம் போதும், வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது, புள்ளிக்கல் குடும்பத்தையே சாய்ச்சிடும்" என்கிறார். இத்தனைக்கும் பாட்டியின் மூக்கில் எட்டுக்கல் வைர பேசரி! அண்ணன் வேறு, "வைர மோதிரமெல்லாம் வெள்ளைக்காரன் விளம்பரம்" என்று ஒரு பக்கம் இழுக்கிறார். யார் சொல்வது சரி, லேப் வைரம் என்கிறார்களே அதை வாங்கலாமா, பாட்டியின் பேசரியைப் பிரித்து மோதிரமாக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

நான் தெலுக் இந்தானில் கல் கட்டுகிறவன். முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறையில் உட்கார்ந்து கண் போனதுதான் மிச்சம். எனக்குத் தெரிந்தவரை பாட்டியும் சரி, அண்ணனும் சரி. இரண்டு பேரும் இரண்டு வேறு வைரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். மலாயில் 'இந்தான்' என்றால் வைரம். வெள்ளைக்காரன் காலத்தில் தெலுக் ஆன்சன் என்று இருந்ததை 1982-இல் மாற்றினார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் இன்னும் 'தெலுக்கான்சன்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே மண்ணைத் தோண்டினால் சேறுதான் வரும், வைரம் வராது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், போர்னியோவில், மார்த்தாபுரா, லண்டாக் பக்கமெல்லாம் பல நூறு வருஷமாக ஆற்று மணலை அரித்து வைரம் எடுக்கிறார்கள். 1965-இல் மார்த்தாபுரா பக்கத்துச் செம்பாக்காவில் 166.75 காரட்டில் ஒரு கல் கிடைத்தது. 'திரிசக்தி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அங்கே மணல் அரிக்கிறவர்கள் வேலை நேரத்தில் வைரத்தை வைரம் என்று சொல்ல மாட்டார்கள். 'காலு' என்பார்கள், அவர்கள் பேச்சில் பெண்பிள்ளை என்று அர்த்தம். பேர் சொன்னால் ஓடி ஒளிந்துகொள்ளும் என்று பயம். நம் பாட்டிமார் ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாத மாதிரி.

1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கே வைரம் கொடுத்தது இந்தியாதான், போர்னியோ கொஞ்சம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த துறைமுகக் குறிப்பில், சேரநாட்டு முசிறிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் சரக்குகளில் மிளகு, முத்தோடு வைரமும் இருக்கிறது. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தை 17-ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே, ஆண், பெண், பிள்ளைகள் என்று அறுபதாயிரம் பேர் அங்கே வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக விடிகாலையில் ஒரே நிரையில் இறங்குவது நமக்குப் புதிதா என்ன. அங்கே மண், இங்கே பால்மரம்.

இனி பாட்டி சொல்லும் 'புள்ளி'க்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடமே இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைத் தெருக்களைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் ரத்தினக்கடைத் தெரு வருகிறது. அங்கே வைரத்தைப் பற்றிச் சொல்லும்போது முதலில் அழகைச் சொல்லவில்லை. குறையைத்தான் சொல்கிறார் இளங்கோ: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. இந்த நான்கும் இல்லாத கல் என்கிறார். காகபாதம் என்றால் காக்கைக் காலடி போல மூன்று கிளையாகப் பிரியும் கீறல். விந்து என்றால் புள்ளி. ஏகை என்பது ரேகை, கோடு. களங்கம் என்றால் கறை, மங்கல். இன்றைக்கு ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினப் பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழில் கல்லின் படம் போட்டுச் சிவப்பு மையில் புள்ளியும் கோடும் குறித்திருப்பார்களே, அதே வேலை. பத்து மடங்கு லென்ஸ் இல்லாத காலத்தில் வெறுங்கண்ணாலும் விரல்நுனியாலும் செய்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் கறார். ராஜராஜன் சாமிக்குக் கொடுத்த நகைகளில் எத்தனை வைரம் என்று எண்ணியதோடு விடவில்லை. வெடிப்பு உள்ளது, சிவப்புப் புள்ளி உள்ளது, கரும்புள்ளி உள்ளது, வெந்த மாதிரி அடையாளம் உள்ளது என்று குறையையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா கொடுத்ததாச்சே என்று மழுப்பவில்லை. அந்த நேர்மையில் கால்வாசி இருந்தால்கூட இன்றைக்கு எங்கள் தொழிலில் பாதிச் சண்டை இருக்காது.

குறைக்கு ஏன் இவ்வளவு பயம்? 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதையில் வைரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நல்ல வைரம் பகை, விஷம், இடி மூன்றின் பயத்தையும் போக்கும். கெட்ட லட்சணமுள்ள வைரம் உறவு, சொத்து, உயிர் மூன்றையும் அழிக்கும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: பிள்ளை வேண்டும் பெண்கள் வைரமே அணியக்கூடாது என்று சிலர் கருதுகிறார்கள், குறிப்பிட்ட சில வடிவங்கள் மட்டும் பரவாயில்லை. தங்கச்சி, உங்கள் பாட்டி பிருகத் சம்ஹிதையைப் படித்திருக்க மாட்டார். ஆனால் நிச்சய மோதிரத்துக்கு அவர் சொல்லும் காரணம் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேலாகக் காது வழியே வந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, உங்கள் லயத்து வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்த காரணம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் நம்புவதில்லை. ஆனால் கிழவிக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கல்லுக்கு இத்தனை சக்தி வந்தது அதன் பெயராலும்தான். வைரம், சமஸ்கிருத வஜ்ரம். வஜ்ரம் இந்திரனின் ஆயுதம், ததீசி முனிவரின் எலும்பால் செய்தது. கருட புராணத்தில் பலாசுரன் உடலிலிருந்து நவரத்தினங்கள் பிறந்த கதையிலும் எலும்புதான் வைரமானது. இடியும் எலும்பும் சேர்ந்த பொருள் வெறும் அலங்காரமாக இருக்குமா? தமிழில் இதற்கு இன்னொரு ருசி இருக்கிறது. மரத்தின் நடுவே இறுகிப்போன பகுதிக்கும் வைரம் என்றுதான் பெயர். பழைய தண்டல் ஒருவரைப் பார்த்து 'வைரம் பாய்ந்த உடம்பு' என்போமே, அது நகைக்கடை வைரமில்லை, மரத்து வைரம். தீராப் பகைக்கும் வைரம் என்றொரு சொல் உண்டு. அது வேறு வேரிலிருந்து வந்தது. வந்த வழி எதுவானாலும் காதில் ஒன்றாகத்தான் விழுகிறது.

ஜோசியத்தில் வைரம் சுக்கிரனுடையது. சுக்கிரன் கல்யாணத்துக்கும் சுகத்துக்கும் உரியவன். ஆகவே கல்யாணத்துக்கு வைரம் ஆகாது என்று மொத்தமாகச் சொல்ல நம் சாஸ்திரத்திலேயே இடமில்லை. ஜாதகம் பார்த்துப் போடு என்றுதான் சொல்கிறது. செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் வைரத்தோடு இல்லாமல் சீர் நிறையாது. கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கு என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்று ஒரு கதை. அந்த மூக்குத்தி வைரம் என்பார்கள், மாணிக்கம் என்றும் சொல்வார்கள்.

தோட்டங்களில் கதை வேறு. வைரம் போட்டவர்கள் கிராணி வீட்டு அம்மாவும் வட்டிக்கடைச் செட்டியார் வீட்டு ஆச்சியும்தான். பால் வெட்டுகிற பெண்கள் தங்கத்தில் வெள்ளைக்கல்லோ சிவப்புக்கல்லோ வைத்த தோடுதான் போட்டார்கள். காரணம் ஏழ்மை மட்டுமில்லை. தங்கம் அவர்களுக்கு பேங்க். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அடகுக்கடைக்குப் போகும், தீபாவளிக்குத் திரும்பி வரும். வைரம் அப்படிப் போய்வராது. என் அம்மாவின் தோட்டில் பொடி வைரம் ஏழு ஏழாகப் பதினாலு இருந்தது, அப்பா எப்போதோ நல்ல காலத்தில் வாங்கியது. நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது அடகு வைக்கப் போனோம். கடைக்காரர் தராசில் போட்டார், கல்லுக்கென்று எடையைக் கழித்தார், மிச்சத் தங்கத்துக்கு மட்டும் வெள்ளி எண்ணிக் கொடுத்தார். 'கல்லு?' என்றார் அம்மா. 'காச்சா' என்றார் அவர். மலாயில் கண்ணாடி. அது கண்ணாடி இல்லை என்று அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அன்றைக்குத்தான் நான் கல்லைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது அண்ணன் கட்சி. நிச்சயத்துக்கு வைர மோதிரம் என்பதற்கு ஐரோப்பாவில் எல்லாரும் காட்டும் பழைய சாட்சி 1477: ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியன், பர்கண்டி மேரிக்குப் போட்ட மோதிரம். ஆனால் அது அரச வீட்டு வழக்கம். ஊரெல்லாம் போடும் வழக்கமாக ஆனதற்குக் காரணம் காதல் இல்லை, சரக்கு மிஞ்சிப்போனது. 1860-களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. கிம்பர்லியில் குவியல் குவியலாக வந்தது. இப்படி வந்தால் விலை கூழாங்கல் விலையாகிவிடும் என்று முதலாளிகள் பயந்து ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1888-இல் செசில் ரோட்ஸ் தலைமையில் டி பியர்ஸ் கம்பெனி வந்தது. எவ்வளவு கல் சந்தைக்கு வரவேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். சரக்கைப் பூட்டியாகிவிட்டது; ஆசையைக் கிளப்ப வேண்டுமே? 1938-இல் அமெரிக்க விளம்பரக் கம்பெனி ஒன்றைப் பிடித்தார்கள். 1947-இல் அங்கே வேலை செய்த பிரான்சிஸ் கெரட்டி என்ற பெண் எழுதியதுதான் 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகம்.

அந்த வாசகத்தில் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. என்றென்றைக்கும் உங்களுடையது என்றால் திரும்ப விற்காதீர்கள் என்று அர்த்தம். விற்கப் போனால்தான் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள பள்ளம் தெரியும். ஜப்பானைப் பாருங்கள்: 1967-இல் கல்யாணப் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட வைர மோதிரம் போடவில்லை. விளம்பரம் போய்ச் சேர்ந்து 1981-இல் அறுபது பேர். பதினாலு வருஷத்தில் ஒரு சம்பிரதாயம் பிறந்துவிட்டது! கோலாலம்பூர் மாப்பிள்ளையின் மோதிரம் இந்த வழியாக வந்ததுதான், அண்ணன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நம் வீட்டு நிச்சயத்தில் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் மூன்றடுக்குக் கேக் வெட்டுவதும் அந்த வழியாக வந்ததுதான். அதை அண்ணன் இரண்டு துண்டு சாப்பிடத்தான் போகிறார்.

பெரிய கற்களின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் ஒரே கதைதான்: ஒருத்தன் எடுப்பான், இன்னொருத்தன் பிடுங்குவான், மூன்றாமவன் சாபம் என்பான். கோகினூரை 1849-இல் லாகூர் ஒப்பந்தத்தில் பஞ்சாப் மகாராஜாவான பத்து வயதுப் பையன் துலீப் சிங்கிடம் வெள்ளைக்காரர்கள் எழுதி வாங்கினார்கள். லண்டனில் 1852-இல் திரும்ப வெட்டி 186 காரட்டை 105.6 ஆக்கினார்கள். நமக்குக் கொஞ்சம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. சென்னை ஜார்ஜ் கோட்டை கவர்னர் தாமஸ் பிட், 410 காரட் கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். சுரங்கத்தில் ஓர் அடிமை தன் காலைக் கிழித்து அந்தக் காயத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கல், வழியில் ஒரு மாலுமி அவனைக் கொன்று பிடுங்கினான் என்றொரு கதை அதைச் சுற்றி இருக்கிறது. 1717-இல் பிரெஞ்சு அரச வீட்டுக்கு விற்றார். பிறகு நெப்போலியன் அதைத் தன் வாள் பிடியில் வைத்துக்கொண்டான். இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் சொத்து. அந்தப் பணத்தில் தலையெடுத்த குடும்பத்தில்தான் இரண்டு பிரிட்டிஷ் பிரதமர்கள் வந்தார்கள். கொள்ளுப்பேரன் வில்லியம் பிட் பெயரில் பினாங்கில் தெருவே இருந்தது: பிட் ஸ்ட்ரீட், இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் சாலை.

சரி, பாட்டியின் பேசரி. அதற்கு முன்னால் கடையில் நடந்த ஒன்று. பாகான் டத்தோ பக்கமிருந்து வயதான அம்மா ஒருவர் பழைய ஒற்றைக்கல் தோடு கொண்டுவந்தார். "தம்பி, இதில் நடுவிலே கருப்புப் புள்ளி இருக்காம். மருமக சொல்றா. போட்டதிலிருந்துதான் வீட்டிலே ஒண்ணு மாத்தி ஒண்ணு வருதுன்றா. வித்துக் குடு" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது, கல்லின் நட்ட நடுவில், வட்டமாக, சுத்தமாக. இயற்கைப் புள்ளி அவ்வளவு ஒழுங்காக நடுவில் போய் உட்காராது. கல்லைச் சாய்த்தேன், புள்ளி நகர்ந்தது. பழங்காலப் பட்டை தீட்டலில் கல்லின் அடிக்கூரைக் கொஞ்சம் மழித்துத் தட்டையாக விடுவார்கள், கூர் உடையாமல் இருக்க. மேலிருந்து பார்த்தால் அந்தத் தட்டை ஒரு சின்ன ஓட்டை மாதிரித் தெரியும். இப்போதைய வெட்டில் அடி கூராக முடிவதால் அது தெரியாது. அந்த அம்மாவின் கையில் லென்ஸைக் கொடுத்துச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப இது கல்லோட தொப்புள் மாதிரி" என்றார். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல பெயர் நான் கேட்டதில்லை. தோட்டைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்.

உங்கள் பாட்டியின் பேசரியும் 'கமலம்' என்கிற அந்தக் காலத்து வெட்டில் பட்டை தீட்டிய கல்லாக இருக்கலாம். புளூ ஜாக்கர் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொண்டெயின் சுரங்கத்துக் கல்லுக்கு வந்த பெயர் அது. நீலம் ஓடும் வெள்ளை. சுரங்கத்தையே 1971-இல் மூடிவிட்டார்கள். ஆனால் கடைகளில் புளூ ஜாக்கர் மட்டும் தீர்ந்தபாடில்லை.

பேசரியைப் பிரித்து மோதிரமாக்குவது வேண்டாம். சின்னக் கல் எட்டும் எடையில் சொற்பம், விற்றால் பெரிதாக வராது. அந்தக் கட்டு வேலையைச் செய்ய இன்றைக்கு ஆள் குறைவு. அதுபோக, வைரம் கீறாதே தவிர உடையும். வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்பதைக் கேட்டு, சுத்தியலால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதன் ரேகை வாட்டத்தில் அடி விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். பழைய கட்டிலிருந்து நெம்பும்போது ஓரம் சிதறிய கற்களை நானே பார்த்திருக்கிறேன், ஒருமுறை என் கையாலேயே.

லேப் வைரம் பொய்க்கல் இல்லை. ஏடி கல், அதாவது அமெரிக்கன் டைமண்ட் என்று விற்பார்களே, அது வேறு பொருள். லேப் வைரம் கார்பன்தான், நிலத்தடி வைரத்தின் அதே கட்டமைப்பு. 1954-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் முதலில் உறுதியாகச் செய்தார்கள். நிலத்துக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே நடந்ததை மெஷினில் அழுத்தத்தாலும் சூட்டாலும் நடத்துகிறார்கள். மீத்தேன் வாயுவிலிருந்து படியவைக்கும் முறையும் உண்டு. கடையில் பேனா மாதிரி வைத்துச் 'சீங்' என்று சத்தம் வரவைக்கும் டெஸ்டர் சூட்டைத்தான் அளக்கிறது, அதனால் இரண்டையும் வைரம் என்றே சொல்லும். ஆய்வுக்கூடக் கருவிதான் வித்தியாசம் காட்டும், அதைச் சான்றிதழில் எழுதியிருப்பார்கள். விலை வருஷா வருஷம் இறங்குவதால் முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசைக்கு வாங்கினால் வாங்குங்கள். இயற்கைக் கல் வேண்டுமென்றால் கிம்பர்லி ஒப்பந்தப்படி வந்த சரக்கா என்று கேளுங்கள். சியரா லியோன் சண்டையில் வைரம் விற்றுத் துப்பாக்கி வாங்கிய கொடுமைக்குப் பிறகு 2003-இல் வந்த ஏற்பாடு அது. ஓட்டை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன்.

எடையைக் காரட்டில் சொல்வார்கள், ஒரு காரட் 0.2 கிராம், அதில் நூறில் ஒன்று ஒரு சென்ட். முப்பது சென்ட் நல்ல கல், அழுக்கான ஒரு காரட்டைவிட விரலில் அழகாக எரியும். எங்கள் தாத்தா காலத்தில் மஞ்சாடி விதையால் நிறுத்தார்கள். உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சிவப்பாக உதிர்ந்து கிடக்குமே, மலாய்க்காரர்கள் 'சாகா' என்பார்களே, அதே விதை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒன்று செய்வேன். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் பாட்டியையும் ஒன்றாகக் கடைக்குக் கூட்டி வாருங்கள். மோதிரக் கல்லை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, லென்ஸைப் பாட்டியின் கையிலேயே கொடுக்கலாம். புள்ளி இருக்கா என்று அவரே பார்க்கட்டும். பேசரியையும் அப்போதே எடுத்து வாருங்கள். அத்தனை வருஷம் மூக்கில் இருந்ததில் திருகாணியின் மரை தேய்ந்துபோயிருக்கும், முகம் கழுவும்போது விழுந்துவிடும். மரை மட்டும் மாற்றித் தருகிறேன், அரை மணி நேர வேலை.